மலிவாகக் கிடைக்கும் பழைய எம்எக்ஸ்-5: வாங்கும் முன் கணக்குப் போடுவது எப்படி?

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் மாஸ்டா எம்எக்ஸ்-5 பக்கம்தான் போவார்கள். 1989இல் அறிமுகமான முதல் தலைமுறை, துணிக்கூரை, பொத்தானை அழுத்தினால் எழும் முகப்பு விளக்குகள். பாசி பிடித்து வீட்டு வாசலில் நிற்கும் ஒன்றை ‘லேசான வேலை இருக்கிறது’ என்று விளம்பரம் போட்டு மலிவாகத் தள்ளுவார்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கித் தேற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் யோசனை கேட்பவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே கேட்கிறார்கள். இந்தக் காரில் எஞ்சின் கடைசிக் கவலை. பணத்தைத் தின்பது துருப்பிடிக்கும் உடல் தகடு.

வி5சி (வண்டியின் பதிவுச் சான்று) சரிபார்ப்பது, கடன் பாக்கி பார்ப்பது, ஓட்டிப் பார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் வண்டித் தகுதிச் சோதனை) வரலாறு

அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் 2005 முதலான சோதனை முடிவுகள் இலவசமாகக் கிடைக்கும். பாஸா ஃபெயிலா என்பதோடு நிறுத்தாமல், கீழே உள்ள எச்சரிக்கைக் குறிப்புகளைப் படியுங்கள். ஒரு வருடம் ‘சில் பகுதியில் துரு’ என்று இருக்கும் (சில் என்பது கதவுக்குக் கீழுள்ள தகடு, படி 2இல் வருகிறது). அடுத்த வருடம் அந்த வரியே இருக்காது. வெல்டிங் ரசீது கேளுங்கள். இல்லையென்றால் மேலே கறுப்புப் பூச்சு அடித்து மறைத்திருக்கலாம். சில வருடங்கள் சோதனையே இல்லையென்றால் வண்டி சும்மா நின்றிருக்கிறது. அதன் செலவு படி 4இல் வரும். ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ் ரோட்ஸ்டராக (இதே காருக்கு அங்கே வைத்த பெயர்) இருந்தால், இறக்குமதிக்கு முந்தைய கதை இங்கே கிடைக்காது.

படி 2: சில் (இங்கே நிதானமாக இருங்கள்)

கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடுதான் சில். இது வெளியிலிருந்து துருப்பிடிப்பதில்லை, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. துணிக்கூரையில் விழும் மழைநீர் பின்பக்க மூலைகளில் சேர்ந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். இலையும் மண்ணும் சேர்ந்து குழாய் அடைத்தால் தண்ணீர் சில்லுக்குள்ளும் காருக்குள்ளும் போகிறது. பின்சக்கர வளைவுக்குச் சற்று முன்னால் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறதா? அப்படியானால் உள்தகடு ஏற்கெனவே போயிருக்கும்.

சோதனை எளிது. கூரையைப் பாதி தூக்கி, சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் துளை தெரியும். விற்பவரிடம் சொல்லிவிட்டு ஒரு கப் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் காருக்கு அடியில் கொட்ட வேண்டும். பழுப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வராமலே போனாலோ சில் வேலைக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி சில் நெடுகிலும் நகர்த்துங்கள். பிடிமானம் விடுகிற இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில்லை மறைக்கும் பிளாஸ்டிக் ஸ்கர்ட் மாட்டிய வண்டி என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பிடிமானங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு பலவீனமாகிவிட்டால் எம்ஓடி ஃபெயில். இரண்டு பக்கமும் வெல்டிங், பெயிண்ட் என்று போனால் 1,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம்.

அடைப்பை எடுக்கக் கம்பியும் வேண்டாம், காற்றழுத்தமும் வேண்டாம். குழாய் கிழியும், அல்லது கழன்றுகொள்ளும். புல்வெட்டும் இயந்திரத்தின் தடித்த நைலான் இழைதான் நான் சிபாரிசு செய்வது.

படி 3: எஞ்சின்

எஞ்சின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஓபிடி ஸ்கேனர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். முதல் தலைமுறையில் அதைச் செருகவே இடம் கிடையாது. டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது என்பது பெரிய ஆறுதல். மாற்றும்போது வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், அதை ஓட்டுவது வேறு பெல்ட் என்றாலும் பம்பை எடுக்க டைமிங் பெல்ட்டையும் கழற்ற வேண்டும். 1991 வரையிலான 1.6 என்றால் கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) முனையில் இருக்கும் புல்லியில் உள்ள வெட்டுகளை எண்ணுங்கள்: நான்கு இருந்தால் மூக்கு குட்டையான பழைய கிராங்க், புல்லியை நகராமல் பிடிக்கும் சாவிக்காடி தேய்ந்துபோகும் வகை. எட்டு இருந்தால் நல்லது.

படி 4: சும்மா நின்றதற்கான பில்

டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அது கணக்கில்லை. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வயதானதென்றால் நான்கும் புதிது. பின் பிரேக் காலிப்பர் இறுகியிருக்கும். கிளட்ச் மிதி தளர்ந்து, கியர் விழ அடம்பிடித்தால் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது. இது மலிவான பாகம், பேரம் பேசுவதற்கு நல்ல காரணமும்கூட. கூரையின் பிளாஸ்டிக் ஜன்னல் வெடித்திருக்கிறதா பாருங்கள். பாட்டரி டிக்கியில் இருக்கிறது, அதற்கென்று வாயுவை வெளியேற்றும் குழாய் உண்டு. குழாய் இல்லாத சாதாரண பாட்டரியை வைத்திருந்தால் சுற்றியுள்ள தகட்டை அமிலம் தின்றிருக்கும்.

படி 5: சாலையில் இறங்கினால்

2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்கு வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. எல்லை 1,549 சிசி. 1.6 எஞ்சின் 1,598. நாற்பத்தொன்பது சிசிக்காக மேல் விகிதம்! லண்டன்வாசிகளுக்கு இன்னொரு அடி: 2023 ஆகஸ்ட் முதல் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான கட்டணம்) நகரின் எல்லா பரோக்களிலும் (உள்ளாட்சிப் பகுதிகளிலும்) அமலில் இருக்கிறது. விதிக்குள் வராத வண்டியை எடுத்த நாளெல்லாம் 12.50 பவுண்டு. வண்டி எண்ணைப் போட்டு முன்கூட்டியே பாருங்கள்.

படி 6: கணக்கு

எல்லாவற்றையும் கூட்டி விற்பவர் கேட்கும் விலையோடு சேருங்கள். அதே தொகைக்கு நன்றாகப் பராமரித்த ஒன்று கிடைத்தால் பேசாமல் அதை வாங்குங்கள். என் கணக்கில் இரண்டு சில்லும் கூரையும் போயிருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு, துருவுக்குப் பயந்து இரண்டாம் தலைமுறையை (1998–2005) வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வாங்கலாம், ஆனால் சில்லோடு சேர்த்து முன்பக்கச் சேசிஸ் கால்களையும் (முன்னால் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டங்கள்) பார்க்க வேண்டும். அவை சஸ்பென்ஷனை ஒட்டி அடியில் அரிக்கும், பானட்டைத் திறந்தால் தெரியாது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, சுத்தியலால் அல்ல, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மண்சுவரில் தட்டியதுபோல் மொத்தையாகக் கேட்டால் அந்த வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.