ஃப்ரீலான்சராக முதலில் கற்க ஏற்றது: கூகுள் ஷீட்ஸ் ஆட்டோமேஷன்

ஃப்ரீலான்சிங்கில் இறங்க என்ன கற்கலாம் என்று தேடினால் டேட்டா சயின்ஸ், ஏஐ, சைபர் செக்யூரிட்டி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எல்லாம் நல்ல துறைகள்தான். ஆனால் புதிதாக வரும் ஒருவரை நம்பி யாரும் தங்கள் சர்வரைக் கொடுத்துவிட மாட்டார்கள். ஒரு ஷீட்டைக் கொடுப்பார்கள். பல சின்ன நிறுவனங்களில் ஆர்டர், ஸ்டாக், சம்பளம், வரவேண்டிய பாக்கி எல்லாமே கூகுள் ஷீட்ஸில்தான் இருக்கின்றன. தினமும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து மெயில் அடித்துக்கொண்டிருப்பார். அந்த வேலையைத் தானாக நடக்க வைக்கத் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும்.

அதற்கான கருவி ஆப்ஸ் ஸ்கிரிப்ட், அதாவது ஷீட் தானாகச் செய்ய வேண்டியதை நிரலாக (ஸ்கிரிப்ட்) எழுதும் இடம். ஷீட்டின் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவிலேயே இருக்கிறது. ஹோஸ்டிங் (சர்வர் வாடகை) வேண்டாம், தனியாகக் கட்டணமும் இல்லை. மொழி ஜாவாஸ்கிரிப்ட். முழு ஜாவாஸ்கிரிப்டும் தேவையில்லை: வேரியபிள், இஃப், ஃபார் லூப், ஃபங்ஷன், தேதிக் கணக்கு, இவற்றோடு அரேக்குள் அரே (பட்டியலுக்குள் பட்டியல்). கடைசியாகச் சொன்னது பிடிபடும் வரை மேலே போகாதீர்கள். ஷீட்டிலிருந்து வரும் தரவு முழுக்க அந்த வடிவில்தான் வரும்.

முதல் புராஜெக்ட்: பாக்கி நினைவூட்டல்

"பில்கள்" என்று ஒரு ஷீட் திறந்து ஏழு காலம் (நெடுவரிசை) போடுங்கள்: பில் எண், வாடிக்கையாளர், இமெயில், தொகை, கெடு தேதி, நிலை, கடைசியாக மெயில் போன தேதி. நிலையில் "வந்தது" என்று இல்லாமல், கெடுவும் தாண்டி, கடைசி மெயில் போய் 7 நாள் ஆகியிருந்தால் (அல்லது இதுவரை மெயிலே போகாதிருந்தால்) ஒரு மெயில் போக வேண்டும். போனதும் ஏழாவது காலத்தில் அன்றைய தேதி விழ வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இந்தத் துறையில் வரக்கூடிய சிக்கல்களில் பாதி இதற்குள்ளேயே வந்துவிடும்.

முதல் சிக்கல் வரிசை எண். ஷீட்டில் வரிசை 1-லிருந்து தொடங்கும், அரே 0-விலிருந்து. அரேயில் 4-ஆம் எண்ணில் இருக்கும் பில், ஷீட்டில் 5-ஆம் வரிசை. இந்த ஒன்றைக் கூட்ட மறந்தால் தேதி மேல் வரிசையில் விழும். உரிய பில்லில் தேதி பதியாததால் அந்த வாடிக்கையாளருக்கு மறுநாளும் மெயில் போகும்.

அடுத்தது வேகம். லூப்புக்குள் ஒவ்வொரு செல்லாக (கட்டமாக) கெட்வேல்யூ என்ற கட்டளை போட்டுப் படித்தால் ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் ஷீட்டிடம் போய்வர வேண்டும். சில ஆயிரம் வரிசை வந்ததுமே திணறும். ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் வரம்பு, தாண்டினால் பாதியில் நின்றுவிடும். எனவே கெட்வேல்யூஸ் கொண்டு மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். எழுதுவதற்கும் மொத்தமாக எழுதும் செட்வேல்யூஸ்தான் வழக்கம். இந்த புராஜெக்டில் மட்டும் அந்த வழக்கத்தை மீற வேண்டும். 60 மெயில் போன பிறகு ஸ்கிரிப்ட் நின்றுபோய், தேதிகளைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தால், நாளை அதே 60 பேருக்கும் மறுபடி போகும். ஒவ்வொரு மெயில் போனதும் அந்த வரிசையில் தேதியை எழுதி, ஃப்ளஷ் (எழுதியதை உடனே ஷீட்டில் பதிய வைக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

ஒரு இமெயில் முகவரி காலியாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடும், அதற்குக் கீழே உள்ள யாருக்கும் போகாது. மெயில் அனுப்பும் வரியை ட்ரை-கேட்சுக்குள் (பிழை வந்தாலும் நிற்காமல் மேலே போக விடும் அமைப்பு) வைத்து, பிழையைத் தனி ஷீட்டில் பதிவு செய்யுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியாக நாளொன்றுக்கு 100 பேருக்கும், கட்டண வொர்க்ஸ்பேஸ் கணக்கில் 1,500 பேருக்கும்தான் அனுப்ப முடியும். இதை வேலை கொடுக்கும் நிறுவனத்திடம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தேதிதான் அதிகம் ஏமாற்றும். ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) அமெரிக்கா என்று இருந்தால் 03/04/2025 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2025 தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக நிற்கும். கண்டுபிடிக்க எளிய வழி: வேறு அலைன்மென்ட் கொடுக்காத ஷீட்டில் தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேலையும் நேர மண்டலத்தையும் இந்தியாவுக்கு மாற்றுங்கள். ஸ்கிரிப்டுக்குத் தனியாக ஒரு நேர மண்டலம் உண்டு, அது புராஜெக்ட் செட்டிங்ஸில் இருக்கும். இரண்டும் வெவ்வேறாக இருந்தால் கெடு தேதி ஒரு நாள் முன்னே பின்னே நகரும்.

இன்னொன்று, காலத்தை எண்ணால் குறிக்காதீர்கள். நிறுவனத்தார் வாடிக்கையாளருக்கும் இமெயிலுக்கும் நடுவே "ஜிஎஸ்டி எண்" என்று ஒரு காலம் நுழைத்தால் தொகை இருந்த இடத்தில் இமெயில் வந்து நிற்கும். முதல் வரிசையில் உள்ள தலைப்பைத் தேடி, அது எத்தனையாவது காலம் என்று ஸ்கிரிப்டே கண்டுபிடிக்கும்படி எழுதுங்கள்.

டிரிகர் யாருடையது?

ஸ்கிரிப்டைத் தானாக ஓட வைக்கும் ஏற்பாட்டுக்கு டிரிகர் என்று பெயர். தினமும் காலையில் ஓட வைப்பது நேர டிரிகர். 8 மணி என்று வைத்தால் 8-க்கும் 9-க்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தில் ஓடும். சரியாக 8 மணிக்கு என்று வாக்குக் கொடுக்காதீர்கள். செல் மாறியதும் ஓடும் ஆன்எடிட் என்ற எளிய டிரிகரிலிருந்து மெயில் போகாது, அதற்கு அனுமதி கிடையாது. செல் மாறியதும் மெயில் போக வேண்டுமென்றால் அனுமதி கொடுத்து நாமே அமைக்கும் இன்ஸ்டாலபிள் டிரிகர் வேண்டும்.

டிரிகரை யார் அமைக்கிறாரோ அவர் கணக்கில்தான் அது ஓடும். நீங்கள் அமைத்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு உங்கள் முகவரியிலிருந்து பாக்கி கேட்டு மெயில் போகும். எனவே ஒப்படைக்கும் நாளில் கூகுள் மீட்டில் நிறுவனத்தாரிடம் திரையைப் பகிரச் சொல்லி, அவர்கள் கையாலேயே அமைக்க வையுங்கள். பாஸ்வேர்டு கேட்கவே கேட்காதீர்கள். அந்த நேரத்தில் இந்த ஆப்பை கூகுள் சரிபார்க்கவில்லை என்று எச்சரிக்கைத் திரை வரலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துபோய் மூடிவிடுவார்கள். ஸ்கிரிப்டின் தலையில் ஒன்லிகரண்ட்டாக் என்ற குறிப்பைக் கமெண்டாகப் போட்டால் ஷீட்களைப் பொறுத்தவரை அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் அனுமதி கேட்கும். பார்ப்பவருக்கும் தெம்பு வரும்.

ஏப்ரலில் புது நிதியாண்டுக்கு ஷீட்டைக் காப்பி எடுப்பார்கள். ஸ்கிரிப்ட் கூடவே வரும், டிரிகர் வராது. புதிய ஷீட்டிலிருந்து ஒரு மெயிலும் போகாது. பழைய ஷீட்டில் டிரிகர் உயிரோடு இருப்பதால் போன வருட பில்லுக்கு மெயில் போய்க்கொண்டிருக்கும். ஒப்படைப்புக் குறிப்பில் இதை முதல் வரியாக எழுதிக் கொடுங்கள்.

பிறகு என்ன கற்பது

"வாட்ஸ்அப்பில் போகுமா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அதற்கு வாட்ஸ்அப் பிசினஸின் அதிகாரபூர்வ ஏபிஐ (ஒரு புரோகிராம் இன்னொன்றுடன் பேசும் வழி) வேண்டும். வாடிக்கையாளர் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் தாண்டியிருந்தால் மெட்டா ஒப்புதல் தந்த டெம்ப்ளேட் செய்தி மட்டுமே போகும். பிரவுசரை ஏமாற்றி அனுப்பும் கருவிகளை நாடினால் நிறுவனத்தின் தொழில் எண்ணே முடங்கலாம், அதைத் தொடாதீர்கள். ஏபிஐ, அதில் தரவு போய்வரும் வடிவமான ஜேசன் இரண்டையும் இந்தத் தேவையை வைத்தே கற்றுக்கொள்ளுங்கள். ஷீட் ஒரு கோடி செல் வரை தாங்கும் என்றாலும் அதற்கு வெகு முன்பே மந்தமாகிவிடும், அப்போது டேட்டாபேஸ்களின் மொழியான எஸ்கியூஎல் பக்கம் நகரலாம்.

ஸ்கிரிப்டை சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ எழுதி வாங்கலாம், தவறில்லை. இல்லாத கட்டளையைக் கூட இருப்பது போல எழுதித் தந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வரியும் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். சோதனையின்போது எல்லா இமெயிலையும் உங்கள் முகவரியாக மாற்றிய காப்பியில் மட்டும் ஓட்டுங்கள்.

விலையை மணிக்கணக்கில் பேசாமல் வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எந்தக் காலங்கள், எப்போது மெயில் போகும், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஒப்புதல் வாங்கியபின் பாதித் தொகை முன்பணம் கேளுங்கள். பராமரிப்பை மாதக் கட்டணமாகத் தனியே வையுங்கள். டிரிகர் தோற்றால் கூகுள் அறிவிப்பு மெயில் அதை அமைத்த நிறுவனத்தாருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. அதை உங்களுக்குத் திருப்பி அனுப்பும் ஃபில்டரையும் ஒப்படைக்கும் நாளிலேயே அவர்கள் ஜிமெயிலில் போடச் சொல்லுங்கள்.