கல்லூரி வளாகத்தில் உணவுச் செலவைக் குறைக்கும் வழி

அம்பாசமுத்திரத்திலிருந்தோ ஆலங்குளத்திலிருந்தோ விடியற்காலைப் பேருந்தில் பாளையங்கோட்டைக்குப் படிக்க வரும் மாணவர்கள், வளாக உணவகத்தின் விலைக்கு அஞ்சி மதியம் பட்டினி கிடப்பதைவிட, கெடாத கட்டுச்சோறு கொண்டுவருவது நல்லது. புளிச்சோறு எளிது. தயிர்ச்சோறு என்றால், குழைய வடித்த சோறு ஆறியபின், காய்ச்சி ஆறவைத்த பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்துப் பிசைந்தால், நெல்லை வெயிலிலும் மதியத்துக்குள் அவ்வளவாகப் புளிக்காது. கூட்டாஞ்சோறு சுவையானதுதான்; ஆனால் காய்கறியும் பருப்பும் சேர்வதால் விரைவில் ஊசிப்போகும்.

வளாகக் கடையில் தண்ணீர் பாட்டிலோ குளிர்பானமோ வாங்கும்போது, அதில் அச்சிட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலையைப் பாருங்கள். கடைக்காரர் அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றமாகையால், ரசீதைப் பெற்றுக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். வடைக்கும் காப்பிக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றின் விலையைக் குறைக்கக் கல்லூரி முதல்வருக்கு மாணவர்கள் சேர்ந்து எழுத்துப்பூர்வமாக மனு கொடுக்க வேண்டும்.