எபாக்ஸியில் தீத்தடுப்புப் பொடிகளைச் சேர்த்துக் கலக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எபாக்ஸி ரெசின் தீப்பிடிக்காமலிருக்க அலுமினியம் ஹைட்ராக்சைடுப் பொடியை மட்டும் நம்பினால், மொத்த எடையில் பாதிக்கு மேல் அதையே கொட்ட வேண்டிவரும். ரெசின் களியாகிவிடும், குமிழி வெளியேறாது. அதனால்தான் இரண்டு மூன்று பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஆனால் நல்லது இரண்டு சேர்ந்தால் இரட்டிப்பு நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஆன்டிமனி ட்ரையாக்சைடைப் பாருங்கள். தனியாக அது தீக்கு எதிராகப் பெரிதாக எதுவும் செய்யாது. புரோமின் அல்லது குளோரினோடு சேர்ந்து ஆவியாகும் சேர்மமாக மாறினால்தான் சுடருக்குள் போய் வேலை செய்யும். ஹாலஜன் (புரோமின், குளோரின் வகைத் தனிமங்கள்) வேண்டாம் என்று புரோமின் சேர்மத்தை நீக்கிவிட்டு, பழைய ஃபார்முலாவில் ஆன்டிமனியை அப்படியே விட்டுவைத்தால் அது வெறும் நிரப்பிதான்.

ஒன்றையொன்று கெடுக்கும் ஜோடிகளும் உண்டு. அம்மோனியம் பாலிபாஸ்பேட் சூட்டில் பாஸ்பாரிக் அமிலத்தைத் தந்து, பரப்பில் கரிப்படலத்தை உண்டாக்கும். செலவைக் குறைக்கக் கால்சியம் கார்பனேட் சேர்த்தால், அது அந்த அமிலத்தோடு வினைபுரிந்து கால்சியம் பாஸ்பேட் ஆகிவிடும். கரி உருவாக அமிலம் போதாமல் போகும்.

அதிகம் கவனிக்கப்படாத தவறு, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரின் கணக்கில்தான். டோப்போ (DOPO) என்ற தீத்தடுப்புப் பாஸ்பரஸ் சேர்மம் ரெசினில் சும்மா கிடக்காது. அதை ரெசினோடு முன்கூட்டியே சூடாக்கி வினைபுரியவிட்டால், ஒவ்வொரு மூலக்கூறும் ஹார்டனரோடு இணைய வேண்டிய ஒரு எபாக்ஸி தொகுதியை எடுத்துக்கொள்ளும். எபாக்ஸி சமான எடை (ஒரு மோல், அதாவது ஒரு சமானம், எபாக்ஸி தொகுதி அடங்கிய ரெசினின் கிராம் அளவு) 190 உள்ள ரெசின் 100 கிராமில் சுமார் 0.526 சமானம் இருக்கிறது. டோப்போவின் மூலக்கூறு எடை 216. அதில் 20 கிராம் போட்டால் 0.093 சமானம், அதாவது ஏறக்குறைய 18 சதவீதம் காலி! பழைய அளவிலேயே அமீன் ஹார்டனரை ஊற்றினால் மிச்ச அமீன் உள்ளே தங்கி, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை (இறுகிய ரெசின் விறைப்பை இழந்து இளகத் தொடங்கும் வெப்பநிலை) இன்னும் இறக்கும். டோப்போ சேர்த்ததால் வரும் இறக்கமே போதும், இது வேறா?

அப்புறம் வெப்பநிலை. அலுமினியம் ஹைட்ராக்சைடு 200 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே நீரை விடத் தொடங்கும். தடிமனான வார்ப்பில் ரெசின் இறுகும்போது எழும் சூடே அதை எட்டிவிட்டால் உள்ளே கொப்புளம். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு 300 டிகிரிக்கு மேல் தாங்கும்.

படிவதையும் மறக்க வேண்டாம். அலுமினியம் ஹைட்ராக்சைடின் அடர்த்தி சுமார் 2.4, ரெசினுடையது சுமார் 1.15. மெதுவாக இறுகும் கலவையில் பொடி அடியில் இறங்கி, மேல்பரப்பு பாதுகாப்பின்றி நிற்கும்.

இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று பலம் சேர்க்கும் கூட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க, மொத்த அளவை மாற்றாமல் விகிதத்தை மட்டும் மாற்றுங்கள்: முதல் பொருள் மட்டும் 20 சதவீதம், இரண்டாவது மட்டும் 20 சதவீதம், பிறகு 10க்கு 10. கலவை இரண்டையும் விஞ்சினால்தான் கூட்டு. பலரும் 20 சதவீதத்தோடு இன்னொரு 10 சேர்த்துவிட்டு மகிழ்ந்துபோகிறார்கள்.

ஆக்சிஜன் குறியீடு (பொருள் தொடர்ந்து எரியத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆக்சிஜன் சதவீதம்) 30ஐத் தாண்டியது என்பதால், மாதிரியில் சுடர் வைத்துப் பார்க்கும் யுஎல் 94 சோதனையில் வி-0, அதாவது தீ விரைவில் அணைந்துவிடும் என்ற தரம், கிடைத்துவிடாது. சுடருக்குள் வேலை செய்யும் பாஸ்பரஸ், வெப்பத்தைக் குறைத்தாலும் புகையையும் கார்பன் மோனாக்சைடையும் கூட்டலாம். அதைத் தனியாக அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தகட்டில் வி-0 வாங்கிய கலவை 1.6 மில்லிமீட்டரில் தோற்கக்கூடும் என்பதால், பொருள் எந்தத் தடிமனில் பயன்படப்போகிறதோ அதே தடிமனில் மாதிரியை வார்த்துச் சோதியுங்கள்.