இங்கிலாந்து கவுன்சில் தேர்தலில் தபால் வாக்கு: கையெழுத்தில் கோட்டை விடாதீர்கள்

முதலில் உங்களுக்கு வாக்கு உண்டா என்று பார்த்துவிடுவோம். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் முறையான விசாவோடு இங்கிலாந்தில் குடியிருந்து, 18 வயதும் நிரம்பியிருந்தால் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. காமன்வெல்த் நாட்டவருக்கான உரிமை இது, படிக்க வந்தவருக்கும் உண்டு. நார்வே, சுவிஸ் பாஸ்போர்ட்டோடு குடியேறிய தமிழர்களுக்கு இல்லை. டென்மார்க் என்றால் உண்டு. பிரான்சு, ஜெர்மனி என்றால் 2020 டிசம்பர் 31-க்கு முன்பிருந்தே தொடர்ந்து முறையாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

1. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தல்

அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் இங்கும் முழுதாக எழுதுங்கள், இனிஷியலாகச் சுருக்க வேண்டாம். பிறகு நேரில் வாக்களிக்க நேர்ந்தால் பட்டியலில் உள்ள பெயரையும் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

2. கடைசி நாள்

தேர்தல் பெரும்பாலும் மே மாதத்தின் முதல் வியாழன். பெயர் சேர்க்க அதற்கு 12 வேலை நாள் முன்பு வரையும், தபால் வாக்கு கேட்க 11 வேலை நாள் முன்பு மாலை 5 மணி வரையும் நேரம் உண்டு. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் கணக்கில் வராது. 2023 மே 4 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மே 1 விடுமுறை என்பதால் பெயர் சேர்க்கக் கடைசி நாள் ஏப்ரல் 17, தபால் வாக்குக்கு ஏப்ரல் 18 என்று வந்தது. "இரண்டு வாரம் இருக்கிறதே" என்று இருந்தவர்களுக்கு அந்தத் தேர்தல் போனதுதான்.

3. விண்ணப்பமும் கையெழுத்தும்

இணையத்தில் விண்ணப்பித்தால் கையெழுத்தைப் படம் எடுத்து ஏற்றச் சொல்லும். கோடில்லாத வெள்ளைத் தாளில் கறுப்புப் பால்பாயின்ட் பேனாவால் போடுங்கள். ஜெல் பேனா வேண்டாம், இழுபடும். ஜன்னலோரம் வைத்து, கை நிழல் விழாமல் எடுங்கள்.

அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். உங்கள் வாக்கு எண்ணப்படுமா என்பது இதில்தான் இருக்கிறது. திரும்பி வரும் ஒவ்வொரு தபால் வாக்கிலும் கையெழுத்தையும் பிறந்த தேதியையும் விண்ணப்பத்தோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் வாக்கு தள்ளுபடி. விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்து போட்டிருந்தால் கடைசிவரை தமிழில்தான். வங்கிக்கு ஒன்று, ஊர்ப் பத்திரத்துக்கு ஒன்று என்று இரண்டு கையெழுத்து வைத்திருப்பவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டே பேனாவை எடுங்கள்.

கையெழுத்து போட இயலாத, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அப்பா வீட்டில் இருந்தால் கையெழுத்து விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். அவர்களுக்காக நீங்கள் போடுவது குற்றம்.

4. உறை வந்ததும்

உள்ளே வாக்குச்சீட்டு, உறுதிமொழித் தாள், ‘ஏ’ உறை, ‘பி’ உறை என நான்கு இருக்கும். வீட்டில் நான்கு பேருக்கு வந்திருந்தால் ஒருவருடையதை முடித்து ஒட்டிய பிறகே அடுத்ததைப் பிரியுங்கள். சீட்டிலும் தாளிலும் எண் இருக்கிறது. கணவன் சீட்டு மனைவி உறைக்குள் போனால் இரண்டு பேர் வாக்குக்கும் ஆபத்து.

சீட்டில் பெருக்கல் குறி மட்டும் போடுங்கள். எத்தனை போடலாம் என்பது சீட்டின் தலைப்பிலேயே இருக்கும். ஸ்லவ் நகரில் 2023-ல் ஒவ்வொரு வார்டுக்கும் 2 கவுன்சிலர்கள், அதனால் 2 குறி வரை போடலாம். ஒன்றோடு நிறுத்தினாலும் செல்லும், மூன்றாவது போட்டால் முழுச் சீட்டும் செல்லாது. 1, 2 என்று விருப்ப வரிசை எழுதும் முறை இங்கே இல்லை.

அடுத்தது உறுதிமொழித் தாள். தேதிக் கட்டங்களைக் கண்டதும் கை தானாக இன்றைய தேதியை எழுதிவிடும். கேட்பது பிறந்த தேதி: நாள், மாதம், ஆண்டு. பள்ளியில் சேர்க்க அப்பா கொடுத்த தேதி ஒன்று, உண்மையில் பிறந்தது ஒன்று என்று நம்மில் பலருக்கு உண்டு. விண்ணப்பத்தில் எழுதியது எதுவோ அதையே எழுதுங்கள்.

சீட்டு ‘ஏ’ உறைக்குள் போகும், அதை ஒட்டுங்கள். ஒட்டிய ‘ஏ’ உறையும் தாளும் ‘பி’ உறைக்குள் போகும். தாளை ‘ஏ’ உறைக்குள் திணிக்காதீர்கள்.

5. திருப்பி அனுப்புதல்

தேர்தல் நாள் இரவு 10 மணிக்குள் ‘பி’ உறை தேர்தல் அலுவலர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தபால் முத்திரைத் தேதி உதவாது. ஒரு வாரம் முன்பே பெட்டியில் போடுங்கள், தபால்தலை வேண்டாம். தாமதமானால் உங்கள் பகுதி வாக்குச்சாவடியில் ஊழியர் கையில் கொடுத்து, அங்கே தரும் படிவத்தையும் நிரப்புங்கள். உங்களுடையதோடு மற்றவர்களுடையது 5 வரை கொடுக்கலாம். கவுன்சில் அலுவலகத்தின் சாதாரணத் தபால் பெட்டியில் போட்டால் தள்ளுபடி. 2024 மே முதல் இந்த விதி. வாசலுக்கு வந்து "நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்று கேட்கும் கட்சிக்காரரிடமும் கொடுக்க வேண்டாம், அவர் வாங்கவே கூடாது.

நேரில் போவதே வசதி என்றால், தபால் வாக்கு கேட்காமல் விட்டுவிட்டு, படத்தோடு கூடிய அடையாளம் எடுத்துப் போங்கள். காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட் போதும். முகம் அடையாளம் தெரிந்தால் காலாவதியானதும் செல்லும். செல்பேசியில் காட்டும் ஈ-விசா செல்லாது.

சீட்டில் தவறாகக் குறித்துவிட்டாலோ தாளைக் கிழித்துவிட்டாலோ, அத்தனையையும் அப்படியே எடுத்துக்கொண்டு கவுன்சிலின் தேர்தல் அலுவலகம் போங்கள். தேர்தல் நாள் மாலை 5 மணி வரை புதியது தருவார்கள்.