வேட்டைப் பரணில் ஜன்னல் மங்காமல் இருக்க

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் கடைசியில் 9 நாள் துப்பாக்கி மான் வேட்டை. விடியற்காலைக் குளிரில் மூடிய பரணுக்குள் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடி வெள்ளையாகிவிடும். மூச்சின் ஈரம்தான் காரணம்.

பலர் உடனே கேஸ் ஹீட்டரைப் போடுவார்கள். அங்கேதான் வினையே. அந்த ஹீட்டரில் எரியும் வாயுவான புரொபேன் 1 கிலோ எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது குளிர்ந்த கண்ணாடியில்தான் போய் ஒட்டும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ஆபத்து வேறு. ஹீட்டர் இல்லாமல் முடியாதென்றால் காற்றுவழியை அடைக்காதீர்கள்.

காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். ஈரம் வெளியேறும், காற்று வரும் பக்கமிருந்து வரும் மானுக்கு மனித வாடையும் எட்டாது. (காற்று திசை மாறினால் ஜன்னலையும் மாற்ற வேண்டும், சோம்பல் படாதீர்கள்.) பனியில் நனைந்த ஜாக்கெட்டை உள்ளே தொங்கவிடாதீர்கள்.

சீசனுக்குச் சில நாள் முன்பே, வாசனையில்லாத பாத்திரம் கழுவும் சோப்பை ஒரே ஒரு சொட்டு கண்ணாடியின் உட்பக்கம் தேய்த்து, கோடு தெரியாமல் போகும்வரை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நீர் துளித்துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் படரும்; பார்வை மறையாது. ஷேவிங் கிரீமும் வேலை செய்யும், ஆனால் அந்த மணம் மானுக்கு அழைப்பிதழ் அல்ல, எச்சரிக்கை மணி.