எஞ்சின் நின்றபின் ஏறும் தண்ணீர்: படகின் புகைவழியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லை மாவட்டத்தில் உவரி முதல் கூட்டப்புளி வரையிலான கரையில் ஓர் எஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டது என்றால், அலை மேலே அடித்துத்தான் தண்ணீர் புகுந்திருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். புகை போகும் வழியாகவும் தண்ணீர் ஏறும். அதுவும் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதன்று, நின்ற பிறகோ வேகம் திடீரெனக் குறையும்போதோ ஏறும். ஓடும் எஞ்சினின் புகையே தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தத் தள்ளுதல் நின்றபின் நம்பத்தக்க காவல் உயரம்தான். உபரிநீர் வழியும் கலிங்கின் மட்டத்தைத் தாண்டாமல் குளத்து நீர் மறுகால் பாயாது என்பதைத் தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை; புகைக்குழாய்க்கும் அதே கணக்குத்தான்.

படகுக்குள் பொருத்தப்பட்ட, கடல்நீரால் குளிரும் டீசல் எஞ்சினில், எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் ஒரு வளைகுழாயில் புகையோடு கலந்து, தாழ்வாக வைக்கப்பட்ட சைலன்சர் பெட்டிக்குள் விழுகிறது. புகையின் அழுத்தம் அதை அங்கிருந்து ரப்பர் ஹோஸ் வழியாக மேலே ஏற்றி, வாத்தின் கழுத்துபோல் உயர்ந்த ஒரு வளைவைத் தாண்டச் செய்து, பின்புறம் வெளியேற்றுகிறது. எஞ்சின் நின்றதும், வளைவைத் தாண்டாத தண்ணீர் முழுவதும் பெட்டிக்கே திரும்பும். ஆகவே பெட்டி அவ்வளவையும் கொள்ள வேண்டும். கிடைத்த இடத்துக்கு ஏற்றபடி சிறிய பெட்டியை வாங்கி வைப்பது, மிச்சத் தண்ணீரை எஞ்சினுக்குள் அனுப்புவதற்குச் சமம்.

அளவெடுப்பதில் நேரும் தவறே எல்லாவற்றிலும் பெரியது என்பது என் கருத்து. தூத்துக்குடி விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் பழுது பார்க்கப்படும்போது, படகு வெறுமையாக இருக்கிறது. டீசலும் ஐஸும் வலையும் மீனும் ஏறியபின் நீர்மட்டம் எங்கே வரும் என்று குறிக்காமல் குழாயின் உயரத்தை முடிவு செய்தால், கணக்கு கடலில்தான் பொய்க்கும். தண்ணீர் புகையோடு கலக்கும் இடம், சுமையேறிய நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 15 செ.மீ. இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு; சில எஞ்சின் நிறுவனங்கள் 20 செ.மீ. கேட்கின்றன.

அந்த உயரம் கிடைக்காத படகில் சைஃபன் வேலை செய்யத் தொடங்கும். டின்னிலிருந்து மண்ணெண்ணெயை வாயால் ஒருமுறை உறிஞ்சிவிட்டால் பிறகு தானே வழிவதுபோல, எஞ்சின் நின்றபின்னும் கடல்நீர் பம்பைக் கடந்து மெல்ல இறங்கிப் பெட்டியையும், பின்னர் சிலிண்டரையும் நிரப்பிவிடும். இதைத் தடுக்க, நீர்க்குழாயை நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 30 செ.மீ. உயர்த்தி வளைத்து, உச்சியில் காற்று புகும் வால்வு வைக்கிறார்கள். வைத்தபின் அதை மறந்துவிடுவதுதான் தவறு. உப்புப் படிந்தோ, பெயின்ட் அடிக்கும்போது துளை மூடிக்கொண்டோ போனால் அந்த வால்வு வெறும் அலங்காரம். அவ்வப்போது கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

வெளிவாயில் தொங்கும் ரப்பர் மூடியை மட்டும் நம்பிக் குழாயைத் தாழ்வாக அமைப்பதும் தவறே. பின்னாலிருந்து வரும் அலையின் வேகத்தை அது குறைக்குமே தவிர, இறுக அடைக்காது. உப்பும் சிப்பியும் ஒட்டிக்கொண்டால் பாதி திறந்தபடியே நின்றுவிடும்.

ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை விடாமல் செல்ஃப் அடிப்பது ஆத்திரத்தில் செய்யும் தவறு. ஒவ்வொரு சுற்றுக்கும் பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது, அதை வெளியேற்றப் புகையோ இல்லை. சில முயற்சிகளுக்குப் பிறகு கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் செல்ஃப் அடிக்கலாம். ஆனால் எஞ்சின் பிடித்த உடனே திறக்க வேண்டும், இல்லையெனில் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் வறண்டு கருகும். பெட்டியின் அடித்திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுவது அதைவிடப் பாதுகாப்பானது.

துறைமுகம் இல்லாத நம் மணற்கரைகளில் எஞ்சினைப் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு வள்ளங்களே மிகுதி. இவற்றில் பெரும்பாலும் புகை நீருக்கடியிலேயே வெளியேறுவதால், கரை நெருங்கும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென முழுதும் குறைத்தால், வள்ளம் எழுப்பிய அலையே பின்னால் வந்து மோதித் தண்ணீரைப் புகைவழியில் ஏற்றிவிடலாம். படிப்படியாகக் குறைப்பதே நல்லது. கழற்றிய எஞ்சினைத் தோளில் சுமக்கும்போது புரொப்பல்லர் பக்கம் மேலாகச் சாய்ந்தால், எஞ்சினின் கால் எனப்படும் கீழ்ப்பகுதியில் தங்கிய உப்புத் தண்ணீர் சிலிண்டருக்கு ஓடும். முதலில் நேராக நிறுத்தி வடியவிட்டு, சுமக்கும்போதும் கிடத்தும்போதும் தலைப்பகுதியை உயரமாகவே வைக்க வேண்டும்.

டீசல் எஞ்சின் ‘டக்’ என்று ஒரே சத்தத்தோடு நின்று சுற்ற மறுத்தால், மீண்டும் செல்ஃப் தொடக்கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால்நிறமாகியிருந்தால் அதையும் மாற்றி, ஆய்வில் சேதம் ஏதும் தெரியாவிட்டால், உப்பு துருவாகுமுன் அன்றே எஞ்சினைச் சூடேற ஓடவிட்டு, ஆயிலை இன்னொரு முறையும் மாற்ற வேண்டும்.