குழந்தையின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வயதுப் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு முக்குகிறான். சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. உடம்பு சூடு, நீர்க்கடுப்பு என்று நாம் இளநீர் கொடுப்போம். ஆனால் சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, நீர் அடைத்து அடிவயிறு புடைத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். முக்கல் தீராதபோது, ஸ்கேன் எடுக்காமல் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்ப்பது பெரிய தவறு.

சின்னக் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையிலும், அதற்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலும் வரும் புற்றுநோய் பெரும்பாலும் ராப்டோமயோசார்கோமா. தசையாக வளர வேண்டிய செல்கள் தறிகெட்டுப் பெருகுவதால் வருவது. தாத்தாவுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் வேறு, இது வேறு. பெரியவர்களுக்கு எடுக்கும் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்காது.

"கட்டியை உடனே வெட்டி எடுத்துடுங்க டாக்டர்" என்று பெற்றோர் கெஞ்சுவது புரிகிறது. ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். சிறுநீர்ப்பையே போய், சிறுநீர் சேர வயிற்றில் மாட்டிய பையோடு குழந்தைகள் வளர்ந்தார்கள். அமெரிக்காவில் 1972இல் தொடங்கிய கூட்டு ஆய்வுகளும் ஐரோப்பிய ஆய்வுகளும் அந்த வழக்கத்தை மாற்றின. இப்போது பொதுவாக, முதலில் பயாப்ஸிக்குச் சின்னத் துணுக்கு மட்டும் எடுப்பார்கள். அப்புறம் வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகளால் கட்டியைச் சுருக்குவார்கள். அதன் பிறகுதான் ரேடியேஷனா, ஆபரேஷனா, இரண்டுமா என்ற முடிவு. அதுவரை காத்திருப்பதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. கீமோவில் கட்டி சுருங்கியதும், "சரியாயிடுச்சே, ரேடியேஷன் எதுக்கு?" என்று நிறுத்திவிடுவது. ஸ்கேனில் தெரியாத செல்கள் உள்ளே இருக்கலாம். அதேபோல, சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகும் ஸ்கேனில் கொஞ்சம் மிச்சம் தெரிந்தால் உடனே பதறவும் வேண்டாம். அது வளர்ச்சி நின்றுபோன திசுவாகவும் இருக்கலாம். டாக்டர்கள் தொடர்ந்து கவனிப்பார்கள்.

வீட்டில் நடக்கும் தவறு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வின்கிரிஸ்டின் மலச்சிக்கலைக் கொண்டுவரும். அதற்காக நீங்களே எனிமா கொடுக்காதீர்கள், ஆசனவாயில் மருந்தும் வைக்காதீர்கள். கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பிற்காலத்தில் குழந்தை பெறும் திறனைக் காப்பது பற்றிச் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ரேடியேஷனுக்குப் பிறகு சிறுநீர்ப்பை சுருங்கி, குழந்தைக்கு அடக்க முடியாமல் போகலாம். படுக்கையை நனைத்தால் திட்டாதீர்கள். வகுப்பில் கேட்டவுடன் வெளியே விடும்படி டீச்சரிடமும் சொல்லி வையுங்கள்.